இடது தோளை இறுக்கிப் பழகிய மூன்று வாரங்கள்

என்மீது மூன்று வரிப் புகார் ஒன்று வந்தபோது, அதை எழுதக்கூடிய ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும் என்று நம்பினேன். அவர் சிவகங்கையில் இருக்கிறார். நான் செய்கிற தொழிலையே செய்கிறார். என்னுடைய கட்டைவிரலைவிட அவருடைய கட்டைவிரல் அகலம். ஒரு மனிதன்மேல் குற்றம் சாட்ட இவ்வளவு போதும் என்றுதான் அன்றைக்குத் தோன்றியது. அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு ஐம்பத்திரண்டு வயதில் நான் செய்த காரியங்களை என் வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். கை கால் வைத்துப் பெரிதாக்குவதற்குள் நானே எழுதிவிடுவது நல்லது.

தொழில் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். இறுகிப்போன தசையைத் தொட்டு நெகிழ வைக்கிற ஒரு கை வைத்திய முறையைக் காரைக்குடியில் நான் கற்றுக்கொடுக்கிறேன். எண்ணெய் கிடையாது, சொடக்கு எடுப்பது கிடையாது, கட்டுப் போடுவது கிடையாது. மேசையில் ஆள் படுத்திருப்பார். எங்கே இறுகியிருக்கிறதோ அங்கே கையை வைத்து, அந்த இடம் தானாக விட்டுக்கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். அழுத்தவே கூடாது. உடம்பு மறுத்தால் கையை எடுத்துவிட வேண்டும். இது எங்கள் முறையின் முதல் விதி. முதல் நாள் வகுப்பிலேயே சொல்லிவிடுவோம். வெளியில் நின்று பார்ப்பவருக்கு இரண்டு பேர் சேர்ந்து சும்மா இருப்பதுபோலத் தெரியும். மருமகன் என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால் என் மாமனார், "கைய வச்சுக்கிட்டு இருக்காரு" என்பார். இருபது வருடமாக அதையேதான் சொல்கிறார்.

இதைக் கற்றுக்கொடுப்பதற்கு எங்கள் சங்கம் ஓர் அனுமதி தருகிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பயிற்றுநர்கள் எல்லோரும் நான்கு நாள் மறுபயிற்சிக்குப் போக வேண்டும். ஊரில் ஆசிரியராக நிமிர்ந்து நடந்தவர்கள் அங்கே மாணவர்களாகக் குனிந்து நிற்போம். ஒருவர் மேசையில் ஒருவர் படுப்போம். மதிப்பீட்டாளர் சுற்றி வந்து பார்ப்பார். கடைசி நாள் அவர் கையெழுத்துப் போட்டால் அனுமதி இன்னும் இரண்டு வருடத்துக்கு நீளும். போடவில்லையென்றால் நோயாளிகளைப் பார்க்கலாம், கற்றுக்கொடுக்கக் கூடாது. நானோ மறுபயிற்சி முடிகிற வாரத்துச் சனிக்கிழமையே புது வகுப்பு என்று பதினொரு பேரைச் சேர்த்து வைத்திருந்தேன்.

மறுபயிற்சிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஒரு காலை நேரத்தில், சங்கத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. "உங்கள் கோப்பில் கீழ்க்காணும் குறைகள் குறிக்கப்பட்டுள்ளன. இவற்றை மறுபயிற்சியில் கவனிப்போம். அனுமதி நீட்டிப்பு இதைப் பொறுத்தது." அதன் கீழே மூன்று வரிகள்.

வகுப்பில் ஆசிரியருக்கு வாய் ஓய்வதில்லை. மாணவர்கள் கையைப் பார்க்காமல் வாயைப் பார்க்கிறார்கள்.

செய்து காட்டும்போது இடது கையை வேலைக்கு விடாமல் மேசைமேல் சும்மா வைத்து ஏமாற்றுகிறார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய வகுப்பில், மேசையில் படுத்திருப்பவர் தூங்குவதற்குள் ஆசிரியர் தூங்கிவிடுகிறார்.

மூன்றையும் இரண்டு தடவை படித்தேன். மனைவி இட்லித் தட்டோடு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன, போன்ல எதுவும் சாவுச் செய்தியா? மூஞ்சி இப்பிடிப் போயிருச்சு?"

"சாவுதான். என் சாவு."

"அப்பச் சரி. இன்னும் ரெண்டு வைக்கவா, போதுமா?"

போனை அவளிடம் நீட்டினேன். ஒருமுறை படித்தாள். மூன்றாவது வரிக்கு வந்தபோது உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"மூணும் உண்மைதான?" என்றாள்.

"உண்மையா பொய்யாங்கிறது இப்பப் பிரச்சினை இல்ல. எழுதுனது யாரு?"

"யாரு எழுதுனா என்ன? வாய மூடிக்கிட்டு, ரெண்டு கையும் வச்சு, முழிச்சுக்கிட்டுப் பாடம் எடுங்க. முடிஞ்சு போச்சு."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளிடம் இதுதான் குறை. பிரச்சினையைத் தீர்த்துவிட்டு எழுந்து போய்விடுவாள், அனுபவிக்க விடமாட்டாள்.

எழுதியது யாரென்று எனக்கு அடுத்த இட்லிக்குள் தெரிந்துவிட்டது. சிவகங்கைக்காரர் என்னோடு ஒரே பிரிவில் மதுரையில் படித்தவர். அதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியர், கபடி ஆடிய உடம்பு. என்னைவிட இரண்டு வயது இளையவர் என்பதால் அண்ணே என்பார். போன வருடம் ஒரு நாள் காரைக்குடிக்கு ஏதோ கல்யாணத்துக்கு வந்தவர், என் வகுப்பை எட்டிப் பார்க்க வந்தார். நான் ஒரு பெரியவரின் முதுகில் கை வைத்துப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மாணவர்கள் எல்லோரும் நிற்க, அவர் வாசல்படியிலிருந்தே, "அண்ணே, கை அங்குட்டுப் போகுது, இங்குட்டு வாங்க" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். கை உண்மையிலேயே அங்குட்டுத்தான் போயிருந்தது என்பது வேறு விஷயம். அன்று மதியம் கல்யாண விருந்தைச் சாப்பிட்டுவிட்டு மறுபடி வந்து மூலையில் உட்கார்ந்தார். அன்றைக்கு நான் தூங்கியதை அவர் பார்த்தார். மூன்றாவது வரிக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பழிவாங்குவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். எப்படி என்பதில்தான் குழப்பம். பிள்ளையார்பட்டிக்குப் போனேன். நல்ல காரியத்துக்குப் போகிற இடம் என்று தெரியும், வெட்கமாகவும் இருந்தது, அதனால் விவரம் சொல்லாமல், "ஒரு ஆளை ஒரு வழி பண்ணணும், நீயே பாத்துச் சொல்லு" என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். பிள்ளையார் பேசவில்லை. பின்னால் நின்றவர்தான், "அண்ணே, சீக்கிரம் முடிங்க, ஆள் நிக்குதுல்ல" என்றார். அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வழி, திரும்பி வரும் பேருந்தில் பிறந்தது. சிவகங்கைக்காரரின் பலவீனம் எனக்குத் தெரியும். படிக்கிற காலத்திலேயே அவரால் ஒரு தசையிடம் தோற்க முடியாது. நெகிழாத முதுகு கையில் மாட்டினால் முகம் சிவந்துவிடும், கட்டைவிரல் தானாக இறங்கிவிடும். எங்கள் ஆசிரியர் எத்தனையோ தடவை, "அது கபடிக்கோடு இல்லப்பா, தோள்" என்று சொல்லியிருக்கிறார். ஆக, மதிப்பீட்டாளர் பார்க்கும்போது நெகிழாத உடம்பு ஒன்று அவர் மேசையில் கிடக்க வேண்டும். அவர் அழுத்த வேண்டும். முதல் விதி உடைய வேண்டும். அனுமதி போக வேண்டும். அந்த உடம்பு என்னுடையதாக இருக்க வேண்டும்.

இருபது வருடமாக ஊராரைப் பார்த்து "விடுங்க, தளர விடுங்க" என்று சொன்னவன், விடாமலிருக்கப் பயிற்சி எடுக்க ஆரம்பித்தேன். நினைப்பதுபோல் எளிதல்ல. தோளை இறுக்கினால் அது காதுப் பக்கம் ஏறிவிடும், நடிப்பு தெரிந்துவிடும். மூச்சைப் பிடித்தால் விலா நின்றுவிடும், அதுவும் தெரிந்துவிடும். தோள் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும், மூச்சு குழந்தை தூங்குவதுபோல் போய்வர வேண்டும், உள்ளே மட்டும் தோள்பட்டை எலும்புக்கும் முதுகுத்தண்டுக்கும் நடுவில் ஒரு கல் உட்கார்ந்திருக்க வேண்டும். காலையிலும் சாயங்காலமும் கட்டிலில் குப்புறப் படுத்துப் பழகினேன். நாக்கை மேலண்ணத்தில் அழுத்தினால் கல் நன்றாக உறைவதைக் கண்டுபிடித்தேன். கால் பெருவிரலை மடக்கினால் இன்னும் உறைகிறது. சிவகங்கைக்காரரின் முகத்தை நினைத்தால் இரண்டும் தேவையில்லை.

சோதித்துப் பார்க்க மனைவியைக் கூப்பிட்டேன்.

"இடது தோள்ல கைய வையி. மெதுவா. என்ன தெரியுது?"

"கட்ட மாதிரி இருக்கு."

"நெஜமாவா?"

"முப்பது வருஷமா அப்பிடித்தான இருக்கீக. இன்னைக்குத்தான் கேக்குறீக."

மூன்றே வாரத்தில் நான் அடைந்த தேர்ச்சியை யாரிடமும் காட்ட முடியாதது எனக்குப் பெரிய வருத்தம். நல்ல காரியத்துக்கு இவ்வளவு உழைத்திருந்தால் என் இடது கை எப்போதோ திருந்தியிருக்கும்.

மறுபயிற்சி வலையபட்டியில், விடுதியாக மாற்றியிருந்த ஒரு பெரிய வீட்டில் நடந்தது. எட்டுப் பயிற்றுநர்கள். நடு முற்றத்தைச் சுற்றி மேசைகளைப் போட்டிருந்தார்கள். முதல் நாள், அங்கே தங்கியிருந்த வெளிநாட்டுத் தம்பதி எங்களை எட்டிப் பார்த்தார்கள். நான்கு பேர் அசையாமல் குப்புறக் கிடக்கிறார்கள், நான்கு பேர் தலை குனிந்து பக்கத்தில் நிற்கிறார்கள். ஏதோ துக்கம் என்று நினைத்து, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் நழுவினார்கள்.

சிவகங்கைக்காரர் என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்கண்ணே! நல்லா இருக்கீகளா? இளைச்சுட்டீக போல?"

"உங்க நெனப்புத்தான்" என்றேன். பொய்யில்லை.

மதிப்பீட்டாளர் தஞ்சாவூர்ப் பக்கத்து அம்மையார். நாங்கள் மேடம் என்போம். சன்னமான உடம்பு, வெள்ளைக் காலுறை, அதிர்ந்து பேசாத குரல். நாற்பது வருடமாக இந்தக் கைவேலையில் இருப்பவர். அவர் பக்கத்தில் வந்து நின்றாலே எங்களுக்கு உள்ளங்கை வேர்க்கும். வேர்த்த கையை நோயாளி மேல் வைக்கக் கூடாது என்பதும் விதி.

இரண்டாம் நாள் நான் செய்து காட்டும் முறை. புகாரின் மூன்று வரிகளையும் முறியடித்தே தீர்வது என்று போனேன். வாய் திறக்காமலிருக்க ஒரு கிராம்பை நாக்கடியில் வைத்துக்கொண்டேன். மதியம் மோர் மட்டும் குடித்தேன். இடது கையை, அது யாருடையதோ என்று வெறித்துப் பார்க்காமல், வலது கைக்குச் சமமாக வேலை வாங்கினேன். மேடம் பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்றார். என் தாளில் ஏதோ எழுதினார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

மூன்றாம் நாள் சிவகங்கைக்காரர் முறை. யார் யாருடைய மேசையில் போய்ப் படுக்க வேண்டும் என்பது சீட்டில். ஒரு சில்வர் டப்பாவைக் குலுக்கி நீட்டினார்கள். எனக்குக் கமுதிக்காரப் பெண்மணி விழுந்தார், பஞ்சுபோன்ற கை. என் பக்கத்தில் நின்ற ஆச்சி தன் சீட்டைப் பிரித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். ஆச்சி என்றதும் வயதானவர் என்று நினைக்க வேண்டாம். என்னைவிட எட்டு வயது சின்னவர், காரைக்குடியில் தன் வீட்டிலேயே பெண்களுக்கு வகுப்பு எடுக்கிறார், அவர்கள் வீட்டு வழக்கப்படி எல்லோருக்கும் ஆச்சி.

"எனக்குச் சிவகங்கைக்காரரு" என்றார். "போன தடவ அவரு கை வச்சு ஒரு வாரம் கழுத்துத் திரும்பல. கூப்பிட்டவுகளை எல்லாம் ஒடம்போட திரும்பிப் பாத்தேன்."

"ஆச்சி, மாத்திக்கிருவமா?"

"உங்களுக்கு யாரு?"

"கமுதிக்காரம்மா."

"பஞ்ச விட்டுட்டுப் பாறைக்குப் போறேங்கிறீக. என்ன திட்டம்?"

"என்ன திட்டம்? பழைய சிநேகிதம்."

"சிநேகிதமா! நேத்துப் பந்தியில அவரு பக்கத்துல இலை காலியாக் கெடக்கு, நீங்க நின்னுக்கிட்டே தயிர்ச்சோறு சாப்பிட்டீக" என்றார். சீட்டை மட்டும் மாற்றிக்கொண்டார். அவருக்குக் கழுத்து முக்கியம்.

மேசையில் குப்புறப் படுத்தேன். முகம் வைக்கிற இடத்தில் ஓட்டை இருக்கும். அதன் வழியாகத் தரை மட்டும் தெரியும். அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டத் தரையில் சிவகங்கைக்காரரின் இரண்டு பாதங்கள் வந்து நின்றன. நாக்கை மேலே அழுத்தினேன். கல் உட்கார்ந்தது.

அவர் கை வைத்தார். வைத்த விதத்தில் குறை சொல்ல முடியாது. அதுவே ஆத்திரமாக இருந்தது. காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் கையைத் தோளின் விளிம்புக்கு மாற்றினார். மறுபடி நடுவுக்கு வந்தார். என் மூச்சு வெண்ணெய்போல் போய்வந்தது. குனிந்து காதருகில் வந்து, "விடுங்கண்ணே" என்றார்.

நல்ல நோயாளி பேசமாட்டான்.

"நான் நம்ம பயதானே, கொஞ்சம் விடுங்க."

அந்த நேரத்தில் தரையில் வெள்ளைக் காலுறைகள் வந்து நின்றன. மேடம். அவர் வந்து நின்றதும் சிவகங்கைக்காரரின் வலது கால் பெருவிரல் மெல்லத் தரையை ஊன்றுவதைப் பார்த்தேன். பெருவிரல் ஊன்றினால் இடுப்பு முன்னே வரும், இடுப்பு வந்தால் கை இறங்கும். படிக்கிற காலத்திலிருந்து எனக்குத் தெரிந்த வரிசை அது. ஊன்றுடா, ஊன்று, என்று உள்ளுக்குள் மந்திரம்போல் சொன்னேன். ஊன்றினார். அவருடைய கட்டைவிரல் என் முதுகுக்குள் ஏதோ தொலைந்த பொருளைத் தேடுவதுபோல் இறங்கியது. கண்ணில் தண்ணீர் வந்து ஓட்டை வழியாகக் கீழே சொட்டியது. பிறகு முழங்கை வந்தது. அவர் முழங்கை! எங்கள் முறையில் முழங்கைக்கு இடமே கிடையாது. செத்தாலும் பரவாயில்லை, ஜெயித்துவிட்டோம் என்று தோன்றியது; செத்துவிடுவோம் என்றும் தோன்றியது.

"கைய எடுங்க" என்றார் மேடம்.

"ஒரே நிமிஷம் மேடம், வந்துருச்சு."

"வரல. எடுங்க."

பெருவிரல் தரையிலிருந்து எழுந்தது. பாதங்கள் இரண்டும் ஓரடி பின்னால் போய்ச் சேர்ந்து நின்றன, பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பாதங்கள்போல. பிறகு மேடம் தன் கையை என் தோளில் வைத்தார். ஈ உட்கார்ந்ததுபோல் இருந்தது. அப்போதாவது நான் விட்டிருக்க வேண்டும். எதிரியின் பிழை எவ்வளவு பெரிதென்று அவருக்கு நன்றாக விளங்கட்டும் என்று, இருந்ததைவிட இன்னும் ஒரு சுற்று இறுக்கினேன். மேடம் நாலைந்து மூச்சு இருந்துவிட்டுக் கையை எடுத்தார்.

அன்று மதியம் நான் மோர் குடிக்கவில்லை. இலையில் விழுந்த எல்லாவற்றையும் சாப்பிட்டேன். பால்பாயசம் இரண்டு தடவை. சிவகங்கைக்காரர் சாப்பிட வரவில்லை. முன்வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். கை கழுவப் போனவன், கழுவிய கையையே மறுபடி கழுவிக்கொண்டு கேட்டேன்.

"ஆமா… நிறுத்திருவாக போல. வகுப்புப் பிள்ளைகள்ட்ட இப்ப ஒண்ணும் சொல்லிக்கிற வேணாம்… இல்ல, அழுத்திட்டேன். ஆமா, தெரியும், தெரிஞ்சுதான் அழுத்துனேன். என்னமோ ஆயிருச்சு."

மனசு கனத்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். கனக்கவில்லை. மூன்றாவது தடவையும் பாயசம் கேட்டேன், தீர்ந்துவிட்டது என்றார்கள்.

நாலு மணிக்கு மேடம் என்னைக் கூப்பிடுவதாக ஆச்சி வந்து சொன்னார். பாதிக்கப்பட்டவனை விசாரிக்கிறார் என்று நினைத்து, தோளைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு போனேன். முகப்புப் பக்கத்து அறையில் மேசை, இரண்டு நாற்காலி, எங்கள் எட்டுப் பேரின் கோப்புகள்.

"உட்காருங்க. வலிக்குதா?"

"அவரு அழுத்துனதுல கொஞ்சம், மேடம்."

"அத எழுதிட்டேன். அது வேற. உங்க தோள் எத்தன நாளா இப்படி இருக்கு?"

அக்கறையாகக் கேட்டதில் வாய் தானாக உண்மையைச் சொல்லிவிட்டது. "மூணு வாரமா, மேடம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எத்தனையோ தோளைத் தொட்டிருக்கேன். இப்படி ஒண்ண நான் தொட்டதே இல்ல. மூச்சு போகுது, தோள் அசையல. கையை வெச்சா இன்னும் இறுகுது. இத வெச்சுக்கிட்டு நீங்க மாணவர்களுக்குச் செஞ்சு காட்டக் கூடாது. எலும்பு டாக்டரப் பாருங்க. படம் எடுத்து, சரியாயிடுச்சுன்னு எழுதி வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் உங்க அனுமதிய நிறுத்தி வைக்கிறேன்."

என் உடம்பில் மூன்று வாரமாக இறுகியிருந்த எல்லாம் ஒரே நொடியில் நெகிழ்ந்தது. எழுந்து நின்று இடது கையை ராட்டினம்போல் சுற்றிக் காட்டினேன். முன்னால் சுற்றினேன், பின்னால் சுற்றினேன், நிலைப்படியின் மேல்சட்டத்தைத் தொட்டேன். தலைக்குப் பின்னால் கையை விட்டு எதிர்க் காதைப் பிடித்து இழுத்தும் காட்டினேன்.

"பாருங்க மேடம்! நல்லா இருக்கு! டாக்டரே வேணாம்!"

அவர் என் காதைப் பார்த்தார், கையைப் பார்த்தார். "காலைல அசையல. நாலு மணிக்கு ராட்டினம் சுத்துது. நடுவுல என்ன நடந்துச்சு?"

காதை விட்டுக் கையை இறக்கினேன். அவரே யோசித்தார். அவர் யோசித்ததுதான் என்னை முடித்தது.

"ஒருவேள, அவர் செஞ்சது வேல செஞ்சிருச்சோ?" என்று சிவகங்கைக்காரரின் தாளை உருவி எடுத்தார். "விதிய மீறினார். ஆனா மூணு வாரக் கட்டு ஒரே தடவைல விட்டிருக்கு. அப்படின்னா நான் எழுதினத மாத்தணும். ஒரு பாராட்டும் சேர்க்கணும்." பேனா மூடியைத் திறந்தார்.

ஒரு மனிதனுக்கு இவ்வளவு மோசமான மூன்று வழிகள் ஒரே நேரத்தில் திறக்கக் கூடாது. தோள் இன்னும் சரியில்லை என்றால் என் அனுமதி போகும். தோள் அவர் கையால்தான் சரியானது என்று தலையாட்டினால் என் அனுமதி தப்பிக்கும். ஆனால் எதிரிக்குச் சங்கத்தின் பாராட்டு, அதுவும் என் முதுகின் செலவில். மூன்றாவது வழி உண்மை. நேர்மையால் உண்மையைச் சொன்னேன் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு நன்றி. அந்தப் பேனா அவருடைய தாளைத் தொடப் போவதைப் பார்க்கச் சகிக்காமல் சொன்னேன்.

"மேடம், எழுதாதீக. நான்தான் இறுக்கி வச்சிருந்தேன்."

"என்னது?"

"வேணும்னே. மூணு வாரம் பழகி."

பேனா நின்றது. "எதுக்கு?"

"அவரு என்மேல புகார் எழுதினாரு. மூணு வரி." ஒப்பிக்க ஆரம்பித்தேன். மனப்பாடமாக இருந்தது. வாய் ஓய்வதில்லை, இடது கை, மதியத் தூக்கம்.

மேடம் சிரிக்கவில்லை. என் கோப்பைப் பிரித்து, பழைய தாள் ஒன்றை எடுத்து என் பக்கம் திருப்பினார். "இது யார் எழுதினது?"

போன மறுபயிற்சியின் கடைசி நாளில் கொடுத்த தாள். 'உங்கள் குறைகளை நீங்களே எழுதுங்கள்' என்று அச்சடித்திருந்தது. கீழே பச்சை மையில், கோழி கிண்டியதுபோல், சந்தேகத்துக்கு இடமே இல்லாத என் கையெழுத்து. பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று அவசரமாக, பக்கத்தில் இருந்தவரைச் சிரிக்க வைப்பதற்காக எழுதியது இப்போது வரி வரியாக ஞாபகம் வந்தது. மூன்றாவது வரிக்குப் பக்கத்தில், நின்றுகொண்டே தூங்கும் ஓர் ஆசிரியரைப் படமும் வரைந்திருந்தேன். வாயிலிருந்து கொர் கொர் என்று எழுத்துகள். அலுவலகத்தில் வரிகளைத் தட்டச்சு செய்து அனுப்பியவர்கள் படத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். அதை அனுப்பியிருந்தால் அன்றைக்கே என்னைக் கண்டுபிடித்திருப்பேன்.

"சிரிப்புக்கு எழுதினது, மேடம்."

"சிரிப்பாத்தான் இருந்துச்சு. உண்மையாவும் இருந்துச்சு. அதனாலதான் உங்களுக்கே அனுப்பச் சொன்னேன். நேத்து மூணையும் திருத்திட்டு வந்திருந்தீங்க. சந்தோஷப்பட்டேன்."

மூன்று வாரமாக ஒருவரைத் தேடித் தேடி வெறுத்தவனுக்கு, அந்த ஆள் தன் சட்டைக்குள்ளேயே இருக்கிறான் என்று தெரிந்தால் வெறுப்பு எங்கே போகும்? எங்கும் போகவில்லை. அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டு அதே சிவகங்கைக்காரர் மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

"அவரு அழுத்துனது?" என்று கேட்டேன்.

"அது அவர் தப்பு. நீங்க கல்லக் கட்டி வெச்சாலும் அவர் கைய எடுத்திருக்கணும்" என்றார் மேடம். "நீங்க செஞ்சது உங்க தப்பு. இனிமே உங்க மேசைல படுக்கிறவங்க உங்கள நம்பணும். நீங்க இன்னொருத்தர் மேசைல படுத்தது இதுக்கா?" பிறகு, "அவர்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் சொல்லமாட்டேன்" என்றார்.

சொல்லாமல், தினமும் போல ஊருக்குப் பேருந்து ஏறிவிடலாம் என்றுதான் வெளியே வந்தேன். அவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்த இடம் பேருந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது, அதனால் சொன்னேன். புகாரிலிருந்து பிள்ளையார்பட்டி வரை, நாக்கு, பெருவிரல் எல்லாம் விட்டுவிடாமல் சொன்னேன். தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"தெனமுமா பழகுனீக?"

"காலையும் சாயந்தரமும்."

"வீட்டுல ஒண்ணும் சொல்லலயா?"

"முப்பது வருஷமா அப்பிடித்தான் இருக்கேன்னு சொன்னா."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. 'அண்ணே' போய் 'யோவ்' வந்துவிட்டது.

"யோவ், ஒம்மேல எனக்குக் குறை இருந்தா ஒன் மூஞ்சிக்கு நேரா சொல்லுவேன். சொன்னேன்ல? ஒன் பிள்ளைக எல்லாம் நிக்க, கை அங்குட்டுப் போகுதுன்னு வாசப்படியில நின்னு சொன்னேன்ல? அப்பிடிச் சொன்னவன் பின்னால போயி எதுக்குய்யா எழுதணும்?"

மூன்று வாரத்தில் இந்த ஒரு கேள்வி எனக்கு வரவில்லை. அவர் என்னை அவமானப்படுத்தியதற்குச் சாட்சியாக நான் வைத்திருந்ததே அவர் எழுதவில்லை என்பதற்கும் சாட்சி.

"மன்னிச்சுக்கங்க" என்றேன்.

"அதெல்லாம் முடியாது" என்றார். வண்டியில் ஏறி உட்கார்ந்தார். "அடுத்த தடவ சீட்டுப் பாக்காம நேரா என் மேசைக்கு வாரீக. எவ்வளவு வேணும்னாலும் இறுக்குங்க. நான் கைய எடுத்துட்டு, நாள் முழுக்க பக்கத்துல உக்காந்து ஒங்க முதுகையே பாத்துக்கிட்டு இருக்கேன். எத்தன மணி நேரம் இறுக்குறீகன்னு பாப்போம்." சாவியைத் திருப்பினார்.

அவர் அதைச் செய்வார். இப்போதும் குப்புறப் படுத்தால் எனக்கு அந்தப் பாதங்கள் தெரிகின்றன.

நான்காம் நாள் மேடம் ஆறு தாள்களில் கையெழுத்துப் போட்டார். மறுத்த உடம்பில் அழுத்தியதற்காகச் சிவகங்கைக்காரருக்கும், வேண்டுமென்றே உடம்பை இறுக்கியதற்காக எனக்கும் போடவில்லை. ஆறு மாதம் கழித்து இருவரும் மறுபடி வர வேண்டும் என்று எழுதினார். அந்தச் சனிக்கிழமை என் வகுப்பு தொடங்கவில்லை.